கார்டும் கவரும் சொல்லும் கதை

தபால் நிலையத்தில் ஒரு கார்டு வாங்குங்கள். முகவரி எழுதும் பக்கத்தைப் பாருங்கள். வலது மேல் மூலையில் ஒரு சிறு படம் இருக்கும். படத்தோடு விலையும் இருக்கும். அதுதான் தபால்தலை. ஆனால் அது ஒட்டிய தலை அல்ல. கார்டோடு சேர்த்தே அச்சடித்த தலை.

இன்லேண்டு லெட்டரும் அப்படித்தான். தபால் நிலையத்தில் விற்கும் கவரும் அப்படித்தான். தபால் கட்டணத்தை முன்னாலேயே வாங்கிக் கொள்கிறார்கள். அதற்கு அடையாளமாகத் தலையை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். தலை வாங்க வேண்டாம். பசை தேட வேண்டாம். எழுதிப் பெட்டியில் போட்டால் போதும்.

இந்தக் கார்டுகளையும் கவர்களையும் சேர்த்து வைப்பவர்கள் உலகம் முழுவதும் இருக்கிறார்கள். தபால்தலை சேர்ப்பவர்களைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கார்டு சேர்ப்பவர்களைப் பற்றி அவ்வளவாகத் தெரியாது. “பழைய கார்டில் என்ன இருக்கிறது? எடைக்குப் போட வேண்டியதுதானே?” என்று கேட்பவர்களே அதிகம். எடைக்குப் போடும் முன் இந்தப் பாடத்தைப் படித்துவிடுங்கள்.

வாங்குபவர் தலையில் செலவு

இன்று கடிதம் எழுதுபவர் காசு கொடுக்கிறார். வாங்குபவர் சும்மா வாங்கிக் கொள்கிறார். முன்பு அப்படி இல்லை. 1840-க்கு முன் இங்கிலாந்தில் பெரும்பாலும் கடிதத்தை வாங்குபவர்தான் காசு கொடுத்தார். எவ்வளவு தூரம்? எத்தனை தாள்? இரண்டையும் பார்த்துக் கட்டணம் போட்டார்கள். கூலி வேலை செய்பவர்களால் அதை எளிதில் கொடுக்க முடியாது. ஊரைவிட்டுப் பிழைக்கப் போன மகனிடமிருந்து கடிதம் வரும். தாய் அதைக் கையில் வாங்கிப் பார்ப்பார். காசு இல்லை என்று திருப்பிக் கொடுத்து விடுவார்.

ஏழைகள் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். கடிதத்தின் வெளிப்புறத்தில் ஒரு சிறு குறி போடுவார்கள். ஒரு குறி இருந்தால் ‘நலம்’. வேறு குறி இருந்தால் ‘உடம்பு சரியில்லை’. வாங்குபவர் குறியைப் பார்ப்பார். செய்தி தெரிந்துவிடும். கடிதத்தை வாங்க மாட்டார். தபால்காரர் பாவம், வெறும் கையோடு திரும்புவார்.

ரவுலண்டு ஹில் என்பவர் இதை மாற்ற நினைத்தார். அவர் முன்பு பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1837-ல் அவர் ஒரு சிறு நூல் வெளியிட்டார். கடிதத்தை அனுப்புபவரே காசு கொடுக்கட்டும். நாட்டுக்குள் எவ்வளவு தூரமானாலும் ஒரே கட்டணம் இருக்கட்டும். கட்டணம் குறைந்தால் எல்லாரும் எழுதுவார்கள். இதுதான் அவர் சொன்னது.

1840 மே 6 முதல் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அரை அவுன்ஸ் எடைக்குள் இருந்தால் ஒரு பென்னிதான். பென்னி என்பது அந்நாட்டுச் சில்லறைக் காசு. அன்று இரண்டு விதமான பொருள்கள் பயனுக்கு வந்தன. ஒன்று, ஒட்டும் தபால்தலை. உலகின் முதல் தபால்தலை அதுதான். கறுப்பு நிறம். ராணி விக்டோரியாவின் முகம். இன்னொன்று, கட்டணத்தை அச்சடித்த கடிதத் தாளும் உறையும்.

மக்கள் தாளையும் உறையையும்தான் அதிகம் வாங்குவார்கள் என்று ஹில் நம்பினார். அவற்றுக்கு வில்லியம் முல்ரெடி என்ற ஓவியர் படம் வரைந்தார். படத்தின் நடுவில் இங்கிலாந்து நாட்டைக் குறிக்கும் ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். காலடியில் சிங்கம். அவள் கை நீட்டித் தூதர்களை நாலா பக்கமும் அனுப்புவாள். ஒரு பக்கம் யானை, ஒட்டகம். இன்னொரு பக்கம் கப்பல். ஒரு சாதாரணக் கடிதத்துக்கு இவ்வளவு பெரிய ஆரவாரமா? மக்கள் சிரித்துவிட்டார்கள். கேலிப்படம் வரைந்து விற்றார்கள். அரசு அந்த உறைகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1841-ல் படம் இல்லாத எளிய உறை வந்தது. தலை மட்டும் மேடாக எழும்பியிருக்கும்படி அழுத்தி அச்சிட்டிருந்தார்கள்.

விற்காமல் நின்ற முல்ரெடி உறைகள் மலையாகக் குவிந்தன. அவற்றை அழிக்கத் தனியாக ஓர் இயந்திரமே செய்தார்களாம். அன்று கேலிக்கு ஆளான அந்த உறைகளைத்தான் இன்று சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

இதற்கும் இரண்டு ஆண்டு முன்னால், 1838-ல், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் முத்திரை அழுத்திய கடிதத் தாள்களை விற்றார்கள். ஆக, தலை அச்சிட்ட தாள்தான் அக்கா. ஒட்டும் தபால்தலை தங்கை.

ஓர் ஆசிரியர் போட்ட கணக்கு

கார்டு பிறந்தது ஆஸ்திரியா நாட்டில். அதைச் சொன்னவரும் ஓர் ஆசிரியர்தான். பெயர் இமானுவேல் ஹெர்மன். பொருளாதாரப் பேராசிரியர். 1869 ஜனவரி 26-ஆம் நாள் ஒரு செய்தித்தாளில் அவர் கட்டுரை எழுதினார்.

அவர் கணக்கு எளிதானது. “சரக்கு வந்து சேர்ந்தது.” “செவ்வாய்க்கிழமை வருகிறேன்.” இந்த ஒரு வரிக்கு எதற்குத் தாள், உறை, அரக்கு? எதற்கு மடிப்பு, ஒட்டு? எழுதும் நேரமும் வீண். காசும் வீண். சின்னச் செய்திக்குச் சின்ன அட்டை போதாதா?

தபால் துறை ஏற்றுக்கொண்டது. ஒன்பது மாதத்துக்குள், 1869 அக்டோபர் 1-ஆம் நாள், உலகின் முதல் தபால் கார்டு விற்பனைக்கு வந்தது. விலை 2 குரூசர். அப்போது கடிதத்துக்கு 5 குரூசர். பாதிக்கும் குறைவு. முதல் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 30 லட்சம் கார்டுகள் விற்றன.

ஹெர்மனுக்கு முன்பே, 1865-ல், ஜெர்மனியின் ஸ்டீபன் என்ற தபால் அதிகாரி இதையே சொன்னார். அவர் பேச்சு அன்று எடுபடவில்லை. திறந்த அட்டையில் எழுதினால் எல்லாரும் படித்துவிடுவார்களே என்ற பயம் இருந்தது. அந்தப் பயம் ஆஸ்திரியாவிலும் இருந்தது. முதல் கார்டின் பின்பக்கத்திலேயே ஓர் அறிவிப்பு அச்சடித்திருந்தார்கள். ‘எழுதப்பட்ட செய்திக்குத் தபால் துறை பொறுப்பல்ல’ என்பது அதன் பொருள்.

பயம் இருந்தாலும் கார்டு பரவியது. 1870-ல் ஜெர்மனியும் இங்கிலாந்தும் வெளியிட்டன. 1873-ல் அமெரிக்காவும் ஜப்பானும் வெளியிட்டன. மலிவு என்றால் யார்தான் விடுவார்கள்?

ஜெர்மனியில் 1872-ல் பதில் கார்டு வந்தது. இரண்டு கார்டுகள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும். ஒன்றில் நீங்கள் எழுதுவீர்கள். மற்றதை வாங்குபவர் கிழித்துப் பதில் எழுதுவார். இரண்டுக்கும் காசு உங்களுடையது. பதில் போடக் காசில்லை என்று யாரும் சாக்குச் சொல்ல முடியாது. நம் நாட்டிலும் இந்த ‘ரிப்ளை கார்டு’ விற்றது.

காலணாக் கார்டு

இந்தியாவில் முதல் கார்டு வந்த நாள் 1879 ஜூலை 1. விலை காலணா. அதில் விக்டோரியாவின் தலைப்படம் இருந்தது. ‘ஈஸ்ட் இந்தியா போஸ்ட் கார்டு’ என்று ஆங்கிலத்தில் அச்சிட்டிருந்தார்கள்.

காலணா என்றால் எவ்வளவு? ஒரு ரூபாய்க்கு 16 அணா. ஓர் அணாவுக்கு 4 காலணா. பெருக்கிப் பாருங்கள். 16 பெருக்கல் 4, 64. அன்று ஒரு ரூபாய்க்கு 64 கார்டுகள் வாங்கலாம். அந்தக் கார்டு இந்தியாவின் எந்த மூலைக்கும் போகும். பெஷாவருக்கும் போகும். தூத்துக்குடிக்கும் போகும்.

வெளிநாட்டுக்குத் தனிக் கார்டு இருந்தது. அதன் விலை ஒன்றரை அணா. 1874-ல் 22 நாடுகள் சேர்ந்து ஒரு தபால் ஒப்பந்தம் செய்தன. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் அது நடந்தது. அதுவே பின்னர் உலகத் தபால் ஒன்றியம் ஆயிற்று. இந்தியா 1876-ல் சேர்ந்தது. அதனால்தான் இங்கே காசு கட்டிய கார்டை வேறு நாட்டுத் தபால்காரரும் கொண்டு போய்க் கொடுத்தார்.

கார்டு மலிவு. சரி. ஆனால் எழுதத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? 1901-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் நூற்றுக்கு ஐந்து பேர்தான். மற்றவர்கள் என்ன செய்தார்கள்? தபால் நிலைய வாசலில் கடிதம் எழுதிக் கொடுப்பவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். காசு வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்தார்கள். வந்த கடிதத்தைத் தபால்காரரே படித்துக் காட்டினார்.

“என்ன தம்பி எழுதியிருக்கு? மெதுவாப் படிங்க.”

“நலம், நலமறிய ஆவல்னு எழுதியிருக்காங்கம்மா.”

“அப்புறம்?”

“அவ்வளவுதாங்கம்மா.”

தாய்க்கு நம்பிக்கை வராது. மகள் புகுந்த வீட்டில் என்ன பாடுபடுகிறாளோ? மகளுக்கும் எழுதத் தெரியாது. கணவனோ மாமனாரோதான் எழுதியிருப்பார். அவர்கள் கையால் எழுதும் கார்டில் தன் துயரத்தை எப்படிச் சொல்வாள்? தாய் பதில் போட நினைப்பார். ‘அடி வாங்கிக்கொண்டு அங்கே கிடக்காதே, புறப்பட்டு வா’ என்று எழுத நினைப்பார். அதைத் தபால்காரரிடம் சொல்ல வாய் வராது. ‘இங்கு எல்லாரும் நலம்’ என்று எழுதச் சொல்லி முடித்துவிடுவார். இப்படிச் சொல்லாமல் விட்ட செய்திகள் எத்தனையோ கோடி இருக்கும். எந்தச் சேகரிப்பிலும் அவை கிடைக்காது.

படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியும் குறிகள் சில இருந்தன. நல்ல செய்தி என்றால் நம் பக்கத்தில் ஓரத்தில் மஞ்சள் தடவுவார்கள். வட இந்தியாவில் பல இடங்களில் சாவுச் செய்திக் கார்டின் மூலையைக் கிழித்து அனுப்புவார்கள். கார்டு கைக்கு வந்தவுடனே வீட்டில் அழுகை தொடங்கிவிடும். படிப்பது அதற்குப் பிறகுதான். அந்தக் கார்டுகளை யாரும் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார்கள். உடனே கிழித்துப் போட்டுவிடுவார்கள். அதனால்தான் மூலை கிழிந்த கார்டு கிடைப்பது அரிது.

கோடு அடித்தால் போதும்

முதல் உலகப் போர் 1914 முதல் 1918 வரை நடந்தது. இந்தியாவிலிருந்து 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் கடல் கடந்து போனார்கள். பலர் பிரான்ஸ் நாட்டின் குளிரில் பதுங்குகுழியில் கிடந்தார்கள். பலருக்கு எழுதத் தெரியாது. எழுதத் தெரிந்த ஒரு சிப்பாய் மற்றவர்களுக்கும் எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதங்களை அதிகாரிகள் பிரித்துப் படித்த பிறகே அனுப்பினார்கள். போர் ரகசியம் வெளியே போகக் கூடாது என்பது காரணம். படித்ததில் சில பகுதிகளைக் குறித்தும் வைத்தார்கள். அந்தக் குறிப்புகள் இன்றும் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன.

அந்தப் போரில் பிரிட்டிஷ் படை ஒரு கார்டு அச்சடித்தது. அதில் எழுதவே வேண்டாம். செய்திகள் முன்பே அச்சாகியிருக்கும். ‘நான் நலம்.’ ‘மருத்துவமனையில் சேர்க்கப்பட்டிருக்கிறேன்.’ ‘உங்கள் கடிதம் கிடைத்தது.’ ‘நெடுநாளாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை.’ இப்படிப் பல வரிகள். வேண்டாததைக் கோடு அடிக்க வேண்டும். தேதி போட்டுக் கையெழுத்து இட வேண்டும். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒரு சொல் எழுதினாலும் கார்டைக் கிழித்துப் போடுவோம் என்று மேலேயே அச்சடித்திருந்தார்கள்.

வீட்டில் இருப்பவர்கள் அந்தக் கார்டை எப்படிப் படித்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அதில் மகன் எழுதிய வரி ஒன்றும் இல்லை. கோடு அடிக்காமல் விட்ட வரிதான் செய்தி. தேதிதான் உயிர். ‘இந்தத் தேதி வரை உயிரோடு இருக்கிறான்.’ அதுவே போதும் அவர்களுக்கு.

இந்தக் கார்டில் அச்சிட்ட தபால்தலை கிடையாது. ஆனாலும் கார்டு சேர்ப்பவர்கள் இதை விடுவதில்லை. விதி பார்த்தால் பாதிக் கதை போய்விடும்.

நீலக் காகிதம்

வானூர்தி வந்தது. கடிதமும் பறக்கத் தொடங்கியது. ஆனால் வானூர்தியில் எடை முக்கியம். கனமான கடிதத்துக்குக் கட்டணம் அதிகம். இதற்கு ஈராக் நாட்டில் ஒரு வழி கண்டார்கள். அங்கே தபால் துறைத் தலைவராக இருந்தவர் டக்ளஸ் கம்ப்லி. 1933-ல் அவர் ஒரு மெல்லிய தாளை வெளியிட்டார். எழுதி மடித்து ஒட்டினால் அதுவே உறை. உள்ளே வேறெதுவும் வைக்கக் கூடாது. இரண்டாம் உலகப் போரில், 1941 முதல், பிரிட்டிஷ் படை வீரர்கள் இதே போன்ற தாளில் வீட்டுக்கு எழுதினார்கள். பிறகு இதற்கு ‘ஏரோகிராம்’ என்று பெயர் நிலைத்தது.

1970-களிலும் 80-களிலும் வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போனவர்களின் வீடுகளில் இந்தத் தாள் நன்றாகத் தெரியும். கேரளத்தில் கடிதம் எழுதுவது போலவே பாடும் ‘கத்துப் பாட்டு’ என்ற பாட்டு வகையே இருக்கிறது. தொலைபேசி அரிதாக இருந்த காலம் அது. இரண்டு வாரத்துக்கு ஒரு கடிதம். ஓரம், மடிப்பு, ஒட்டும் இடம் என்று ஓர் இடம் விடாமல் எழுதியிருப்பார்கள். காகிதத்தில் இடம் போதாமல் பக்கவாட்டில் எழுதிய வரிகளைப் படிக்கத் தாளைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும்.

நம் இன்லேண்டு லெட்டரும் அதே அமைப்புத்தான். 1950 அக்டோபர் 2-ஆம் நாள், காந்தியடிகள் பிறந்த நாளில், அது வந்தது. கார்டை யாரும் படிக்கலாம். கவருக்குக் காசு அதிகம். இரண்டுக்கும் நடுவில் ஒன்று தேவைப்பட்டது. கார்டில் எழுத முடியாத குடும்பச் செய்தி இன்லேண்டு லெட்டரில் போயிற்று.

இன்லேண்டு லெட்டரிலும் கார்டிலும் அரசு விளம்பரங்களும் அச்சானது உண்டு. குடும்ப நலம், சிறுசேமிப்பு என்று பல. 2002-ல் ‘மேகதூது’ கார்டு வந்தது. முகவரிப் பக்கத்தில் விளம்பரம் இருக்கும். அதனால் விலை 25 காசுதான். 1990-களில் தூர்தர்ஷனில் ‘சுரபி’ என்ற நிகழ்ச்சி நடந்தது. அதன் போட்டிக்கு லட்சக்கணக்கில் கார்டுகள் குவிந்தன. இது போன்ற போட்டிகளுக்கென்றே விலை கூடிய தனிக் கார்டு வந்தது. சாதாரணக் கார்டை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுக்கும் செலவு, அதன் விலையைவிடப் பல மடங்கு. நட்டத்தில்தான் அரசு அதை விற்கிறது. போட்டிக்கு எழுதுபவர்களுக்கும் அதே சலுகை ஏன் என்று துறை நினைத்தது. நியாயம்தானே?

சங்கு போட்ட கார்டு

சுதந்திரத்துக்கு முன் சில சமஸ்தானங்கள் தனித் தபால் நடத்தின. ஐதராபாத், கொச்சி, திருவிதாங்கூர் ஆகியவை அவற்றில் சில. திருவிதாங்கூரின் தபாலுக்கு ‘அஞ்சல்’ என்று பெயர். அதைச் சுமந்து ஓடியவர் கையில் மணி கட்டிய கோல் இருக்கும். மணிச் சத்தம் கேட்டால் வழி விட வேண்டும். அந்த நாட்டுத் தலையிலும் கார்டிலும் சங்கு முத்திரை இருக்கும். கன்னியாகுமரி மாவட்டம் 1956 வரை அந்த நாட்டோடு இருந்த பகுதி. அங்கே பழைய வீடுகளின் பெட்டிகளில் இன்றும் சங்குக் கார்டு கிடைக்கலாம். 1951-ல் திருவிதாங்கூர், கொச்சி அஞ்சல் இந்தியத் தபாலோடு சேர்ந்தது.

வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள்

நூறு ஆண்டுக்கு முன் சேகரிப்பாளர்கள் ஒரு காரியம் செய்தார்கள். கார்டிலும் கவரிலும் அச்சான தலையை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்தார்கள். நோட்டில் ஒட்டினார்கள். மீதியைக் குப்பையில் போட்டார்கள். முகவரி போயிற்று. ஊர் முத்திரை போயிற்று. எழுதிய செய்தியும் போயிற்று. அரிய உறைகள் பல இப்படியே அழிந்தன. இன்று வெட்டிய துண்டுக்கு மதிப்புக் குறைவு. முழுக் கார்டுக்கே மதிப்பு.

உங்கள் வீட்டில் பழைய கடிதங்கள் கம்பியில் குத்தி வைத்திருக்கலாம். அந்த ஓட்டையால் விலை குறையும். கதை குறையாது. மெதுவாகக் கழற்றி எடுங்கள். பிளாஸ்டிக் டேப்பு ஒட்டாதீர்கள். அதன் பசை நாளடைவில் காகிதத்தைப் பழுப்பாக்கிவிடும். லேமினேஷன் செய்யவே செய்யாதீர்கள். செய்துவிட்டால் பிறகு பிரிக்க முடியாது. பேனாவால் மேலே எதுவும் எழுதாதீர்கள். குறிப்பு எழுத வேண்டுமானால் தனித் துண்டில் பென்சிலால் எழுதி உடன் வையுங்கள். வெயில், ஈரம் இரண்டும் ஆகாது. கரையானும் ராமபாணப் பூச்சியும் வராமல் பெட்டியை மாதம் ஒரு முறை திறந்து பாருங்கள். துணியில் முடிந்த வசம்புத் துண்டைப் பெட்டியில் போடலாம். அது காகிதத்தில் படாமல் இருக்கட்டும்.

புதிதாகச் சேர்க்கத் தொடங்குபவர்கள் உலகம் முழுவதையும் சேர்க்க நினைத்தால் திண்டாடிப் போவார்கள். ஒரு பொருளைப் பிடித்துக்கொள்வது நல்லது. ஒருவர் ரயில் படம் போட்ட கார்டுகளை மட்டும் சேர்க்கலாம். இன்னொருவர் தம் ஊர் முத்திரை விழுந்தவற்றை மட்டும் சேர்க்கலாம். ஊர் முத்திரை சேர்ப்பதுதான் செலவில்லாதது. அக்கம்பக்கத்து வீடுகளில் கேட்டாலே கிடைக்கும். ஆனால் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். அது அவர்கள் குடும்பக் கடிதம். அவர்கள் சம்மதம் இல்லாமல் பிறருக்குக் காட்டக் கூடாது.

பெரிய தலைமைத் தபால் நிலையங்களில் தபால்தலை சேர்ப்பவர்களுக்குத் தனிப் பிரிவு உண்டு. புதிய தலைகளும் உறைகளும் அங்கே கிடைக்கும். டெல்லியில் டாக் பவனில் தேசியத் தபால்தலை அருங்காட்சியகம் இருக்கிறது. 6 முதல் 9-ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கு 2017-ல் தபால் துறை ஒரு உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பெயர் ‘ஸ்பர்ஷ்’. தபால்தலைச் சேகரிப்பில் ஆர்வம் உள்ள பிள்ளைகளைத் தேர்வு வைத்து எடுக்கிறார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். தபால் நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

பணம் பற்றி ஒரு சொல். ‘இந்தப் பழைய கார்டு லட்ச ரூபாய் போகும், பதிவுக் கட்டணம் மட்டும் அனுப்புங்கள்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். பழையது என்பதால் மட்டும் விலை வராது. காலணாக் கார்டுகளை ஏராளமாக அச்சிட்டார்கள். இன்றும் அவை நிறைய இருக்கின்றன. எது அரிது, எது சாதாரணம் என்று விவரம் தெரிந்த இரண்டு மூன்று பேரிடம் கேட்ட பிறகே விற்க வேண்டும். விற்பதற்கு முன் படித்தும் பார்க்க வேண்டும். நிலம், கடன், வேலை பற்றிய செய்தி உள்ள கடிதம் குடும்பத்துக்குச் சான்றாகலாம்.

அரசு அலுவலகம், வங்கி, நீதிமன்றம் இவற்றிலிருந்து கடிதம் வந்தால் உறையையும் எறியாதீர்கள். கடிதத்தில் ஒரு தேதி இருக்கும். உறையின் முத்திரையில் வேறு தேதி இருக்கும். ‘பதினைந்து நாளுக்குள் பதில் தர வேண்டும்’ என்று இருந்தால் எந்தத் தேதியில் அனுப்பினார்கள் என்பது பெரிய கேள்வியாகிவிடும். 2025-ல் பதிவுத் தபால் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. அதன் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

கார்டின் வயது

முத்திரையில் தேதி தெளிவாக இருந்தால் கவலை இல்லை. பல கார்டுகளில் அது அழிந்திருக்கும். அப்போது வேறு தடயம் பார்க்க வேண்டும்.

முதலில் படம். விக்டோரியா என்றால் 1901 வரை அச்சானவை. அடுத்து ஏழாம் எட்வர்டு, 1910 வரை. பிறகு ஐந்தாம் ஜார்ஜ், 1936 வரை. பிறகு ஆறாம் ஜார்ஜ். அரசர் மாறினாலும் பழைய கார்டு தீரும்வரை விற்றிருப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது.

அடுத்து விலை. அணா என்று இருந்தால் 1957 ஏப்ரலுக்கு முன் அச்சானது. அந்த மாதத்தில்தான் ஒரு ரூபாய்க்கு 100 காசு என்ற கணக்கு வந்தது. ‘நயா பைசா’ என்று இருந்தால் 1957-க்கும் 1964-க்கும் இடையில். 1964-ல் ‘நயா’ போய் வெறும் ‘பைசா’ ஆயிற்று.

பின்கோடு எழுத ஆறு கட்டம் இருக்கிறதா? அப்படியானால் 1972-க்குப் பிறகு அச்சானது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 15-ல்தான் பின்கோடு முறை வந்தது. தமிழ்நாட்டின் பின்கோடு 6-ல் தொடங்கும்.

இப்போது ஒரு கணக்கு. ஒரு கார்டு கிடைக்கிறது. ஐந்தாம் ஜார்ஜ் படம். அச்சிட்ட விலை காலணா. பக்கத்தில் இன்னொரு காலணாத் தலையைத் தனியாக ஒட்டியிருக்கிறார்கள். முத்திரையில் ஆண்டு தெரியவில்லை. இந்தியாவுக்குள் அனுப்பிய கார்டு. 1922-ல் கார்டு விலை காலணாவிலிருந்து அரையணா ஆயிற்று என்பது உங்களுக்குக் கொடுக்கும் ஒரே துப்பு. கார்டை எப்போது வாங்கினார்கள்? எப்போது அனுப்பினார்கள்? இந்த வரியோடு புத்தகத்தை மூடிவிட்டு யோசியுங்கள்.

விடை: ஐந்தாம் ஜார்ஜ் படம் என்பதால் 1910-க்குப் பின் அச்சானது. விலை காலணா என்பதால் 1922-ல் விலை ஏறும் முன் வாங்கியது. கூடவே காலணாத் தலை ஒட்டியிருப்பதால் விலை ஏறிய பின் அனுப்பியது. யாரோ ஒருவர் கார்டை வாங்கி வீட்டில் வைத்திருந்திருக்கிறார். எழுத நேரம் வரவில்லை. எழுத உட்கார்ந்தபோது விலை ஏறியிருந்தது. கார்டை வீணாக்க மனமில்லாமல் இன்னொரு காலணாவுக்குத் தலை வாங்கி ஒட்டிப் பெட்டியில் போட்டிருக்கிறார்.